முடியாத குற்றத்துக்கு முடிவுத் திகதியா?

அயலவன் ஒருவன் எமது வளவுப் பனையை இரவோடிரவாகத் தறித்துவிடுகிறான். மரம் வீழ்ந்த கணத்திலேயே அவன் செயல் முற்றுப்பெற்றது. நுங்கும் கிழங்கும் இன்றி நாம் படும் இழப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தாலும், அது அன்றைய செயலின் விளைவேயன்றிப் புதுச்செயலன்று. அதே அயலவன் எமது ஒழுங்கையை மறித்துக் கதியால் நாட்டி வேலி அடைத்தானாயின் நிலைமை வேறு. அவ்வேலி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவன் மறித்துக்கொண்டே இருக்கிறான். முடிந்த செயலுக்கும் தொடர்செயலுக்கும் சட்டம் காணும் வேறுபாடு இவ்வளவே. (செயலையும் விளைவையும் பிரித்தறியாத சட்டத்தரணிகள் எம்மிடையே இல்லாமலில்லை, அது வேறு கதை.)

இவ்வேறுபாட்டிலேதான் இன்று வடக்குக் கிழக்கின் எத்தனையோ குடும்பங்களின் நியாயம் தங்கியிருக்கிறது. 2009 மே மாதத்தில் கணவனையும் மகனையும் படையினரிடம் கையளித்துவிட்டு வந்தோர், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்தனர். ‘எங்கே?’ என்ற அவர்தம் ஒற்றைக் கேள்விக்கு இன்றும் விடையில்லை. ஆனால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு, கொலையும் இராசத்துரோகமும், சிறப்பேற்பாடு உள்ளனவும் நீங்கலாக, எக்குற்றத்துக்கும் அது இழைக்கப்பட்ட காலத்திலிருந்து 20 ஆண்டுகள் கழிந்தால் வழக்குத் தொடரும் உரிமை அற்றுப்போகும் என்கிறது. கடத்தலை அன்றோடு முடிந்த செயலாகக் கொண்டால், 2029 மே மாதத்தோடு கணக்கு முடிகிறது. 1990இல் கிழக்கிலும் 1996இல் யாழ்ப்பாணத்திலும் காணாமலாக்கப்பட்டோர்க்கோ அது எப்போதோ முடிந்தே போயிற்று!

முடிந்த செயலா அது? பிடித்தது ஒரு கணம். பிடித்தவனின் கதியை மறைத்தலும், கேட்டு வந்தோரிடம் ‘அறியோம்’ என்று கைவிரித்தலும் அக்குற்றத்தின் அங்கங்கள் அல்லவா? மறைத்தல் நீடிக்கும்வரை குற்றமும் நீடிக்கும் என்று 1992ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனம் கூறிற்று. காலவெல்லை உண்டெனில் அது குற்றம் ஓய்ந்த பின்னரே எண்ணப்படவேண்டும் என்கிறது, 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த சர்வதேச உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை.

சிலி நாட்டைப் பார்ப்போம். 1973 செப்டம்பர் 11 முதல் 1978 மார்ச் 10 வரையான குற்றங்களுக்குப் பினோசே ஆட்சி தனக்குத் தானே பொதுமன்னிப்பு வழங்கிக்கொண்டது. 1975 ஜனவரியில் பிடித்துச் செல்லப்பட்ட தையற்காரர் ஒருவரின் வழக்கு 2004 நவம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தை அடைந்தபோது, உடலும் இல்லை, விடுவித்ததற்குச் சான்றும் இல்லையாதலின் கடத்தல் 1978ஐயும் கடந்து தொடர்ந்தது, மன்னிப்பு அதனை மூடாது என்று தீர்ப்பாயிற்று.

‘அவர்கள் இறந்துவிட்டனர், ஆகவே கடத்தலும் முடிந்தது’ என்று அரசதரப்புச் சட்டத்தரணி எழுந்து கூறட்டும். மிக நன்று! கொன்றவர் யார்? புதைத்த இடம் எது? கொலைக்குத்தான் 456ஆம் பிரிவு எல்லை வகுக்கவில்லையே! மேலும், மரணச் சான்றிதழ் வேண்டாத குடும்பங்களுக்குக் ‘காணப்படவில்லை’ என்று சான்றிதழ் எழுதிக்கொடுக்க 2016இல் சட்டம் இயற்றியதும் இவ்வரசேயன்றோ?

எமது வாதத்தின் நலிவையும் நாம் மறைக்கமாட்டோம். வலிந்து காணாமலாக்குதலைத் தனிக்குற்றமாக்கியது 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். அது கடந்தகாலத்தைத் தொடாது என்று அரசதரப்பினர் அன்று உறுதிகூறினர். அரசியலமைப்பின் 13(6) உறுப்புரையும் பின்னோக்கிய தண்டனையைத் தடுக்கிறது. இன்று மறைப்பது இன்றைய செயலே என்பது எம் விடை. நாடுகளின் சமுதாயம் ஏற்ற பொதுச் சட்டநெறிகளின்படி குற்றமானவற்றுக்கு அவ்வுறுப்புரையே விலக்களிப்பதும் எமக்குத் துணை. எனினும், நீதியரசர் ஒருவர் வேறுவிதமாக எண்ணக்கூடும். அத்தாய்மாரின் வழக்கை அவர்தம் எண்ணத்துக்கு விட்டுவைக்க நாம் விரும்பவில்லை.

வேண்டுவது ஒரே வாக்கியம்: காணாமலாக்கப்பட்டவரின் கதி வெளிப்படும்வரை 456ஆம் பிரிவின் காலம் ஓடாது. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அதனைத் தனியார் பிரேரணையாகவேனும் 2029 மே மாதத்துக்கு முன் கொண்டுவரவேண்டும். அற்றுப்போன உரிமையைப் பின்னர் உயிர்ப்பிக்க முனைந்தால், 13(6) உறுப்புரையைக் காட்டி எதிர்வாதம் எழும்.