வெள்ளிமலை வெளிச்சத்துக்கு ஒரு லென்ஸ்

பறவைப் படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் நீளத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. சென்ற வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி பேசினார். பள்ளிக்கூட ஆசிரியர். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறதாம். "அண்ணா, 150-600 ஒண்ணு வாங்கி, பின்னாடி ரெண்டு மடங்கு டெலிகன்வெர்ட்டர் மாட்டிட்டா 1200 ஆயிடும்ல? கல்வராயன் மலைக்கு அது போதும்ல?" என்றார். பெருக்கல் சரிதான். ஆனால் அந்த மலையில் நமக்குத் தட்டுப்பாடாக இருப்பது வெளிச்சம். அதை 1200 மி.மீ. தீர்த்துவைக்காது. போனில் அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை. அங்கே வானம் திறந்து கிடக்கும், தண்ணீர் ஒளியைத் திருப்பி அடிக்கும், காலை ஏழரைக்கெல்லாம் எந்த லென்ஸும் வேலை செய்யும். அதே சாலையில் மலை ஏறத் தொடங்குங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மரங்கள் கவிந்துகொள்கின்றன. பெரியார் அருவிப் பக்கம் ஓடையை ஒட்டிய புதருக்குள் அதே ஏழரை மணிக்கு இன்னும் விடியவே இல்லை என்று தோன்றும். வெள்ளிமலைக்கு வந்துவிட்டால் மறுபடியும் வெளி: மரவள்ளிக் காடுகள், சாமை வயல்கள், ஓரங்களில் கடுக்காய் மரங்கள். ஒரே காலைப் பொழுதில் மூன்று விதமான வெளிச்சம். லென்ஸ் வாங்குகிறவர் இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் கடைக்குப் போக வேண்டும்.

இதில் நம்மைச் சோதிப்பது நடுவில் உள்ள நிழல். அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து இறங்கி, குளிர்காலம் முழுக்கத் தமிழ்நாட்டில் தங்கும் ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 19 செ.மீ. நீளம். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுக்கும். புதரடியில், உதிர்ந்த இலைகளைக் கிளறியபடி, தரையோடு தரையாகத் திரியும் பறவை. அதாவது நாளின் மங்கலான நேரத்தில், காட்டின் மங்கலான இடத்தில் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் எஃப்/4 லென்ஸை முழுசாகத் திறந்து, ஷட்டரை 1/125-க்கு இறக்கினாலும் ஐஎஸ்ஓ 3200-ஐத் தொடும். 1.4 கன்வெர்ட்டர் மாட்டினால் ஒரு ஸ்டாப் போய் 6400. இரண்டு மடங்கு மாட்டினால் இரண்டு ஸ்டாப் போய் 12,800. தம்பி சொன்ன ஜூம் 600-இல் எஃப்/6.3. அதன் பின்னால் இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் ஏறினால் எஃப்/13-ஐ ஒட்டிவிடும், ஐஎஸ்ஓ 32,000. பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகளில் பல எஃப்/5.6-க்கு மேல் ஆட்டோஃபோகஸே செய்யாது. கொஞ்சம் உயர்ந்தவை எஃப்/8 வரை, அதுவும் நடுப்புள்ளியில். மிரர்லெஸ் பாடிகள் அதையும் தாண்டிப் பிடிக்கும் என்றாலும், புதர் நிழலில் திணறி முன்னும் பின்னும் ஓடும். குருவி அதற்குள் இலைக்குப் பின்னால் போயிருக்கும்.

கன்வெர்ட்டர் உள்ளே என்ன செய்கிறது? தொலைநோக்கியில் பெரிதாக்கிக் காட்டுவதற்குப் பீட்டர் பார்லோ 1830-களில் உருவாக்கிய வில்லையின் வழிவந்ததுதான் இது. லென்ஸ் குவித்துத் தரும் பிம்பத்தைப் பின்னாலிருந்து விரித்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. ஒரு கரண்டி மாவைப் பெரிய கல்லில் தேய்த்தால் தோசை அகலமாகும், மாவு கூடாது. பறவையின் உடம்பிலிருந்து நம் கேமராவுக்குள் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன: முன்கண்ணாடியின் திறப்பு எத்தனை அகலம், பறவை எத்தனை தூரம். கன்வெர்ட்டர் இந்த இரண்டையும் தொடுவதில்லை. அது தருவது கூடுதல் பிக்சல். நல்ல வெயிலில் அந்தப் பிக்சலில் இறகின் நுண்மை வந்து உட்காரும். நிழலில் அங்கே புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் உட்காரும். அதைவிடக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு எடுத்து, வீட்டில் க்ராப் செய்துகொள்வது எவ்வளவோ மேல். ஃபோகஸாவது சரியாக விழுந்திருக்கும்.

அதனால் லென்ஸின் பெயரில் உள்ள இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மி.மீ. 300-ஐ 2.8-ஆல் வகுத்தால் 107. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89. நாம் விலை கொடுத்து வாங்குவது இந்த விட்டத்தைத்தான். நம் தோள் சுமப்பதும் இதைத்தான். பத்து லட்சத்தைத் தாண்டும் 600 எஃப்/4, ஒரு லட்சத்தை ஒட்டி வாங்கக்கூடிய ஜூமைவிட ஒரே தூரத்திலிருந்து இரண்டரை மடங்கு ஒளியை அள்ளும். அது பெரிய வித்தியாசம், மறுக்கவில்லை. ஆனால் பறவை இருபது மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு வந்தால் அதே ஜூமுக்குள் நான்கு மடங்கு ஒளி வருகிறது. படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்காக இருந்த குருவி மூன்றில் ஒரு பங்காகிறது. பத்து லட்சம் செய்யாததை அந்தப் பத்து மீட்டர் செய்கிறது.

இங்கேதான் நான் கறாராக இருக்க விரும்புகிறேன். அந்தப் பத்து மீட்டரைக் கடக்க வேண்டியது பறவை. நாம் அல்ல. புதரை விலக்கிக்கொண்டு நாம் முன்னேறினால் அது இரை தேடுவதை நிறுத்திவிட்டு ஓடும். நீண்ட தூரம் பறந்து வந்து, பசியாறி உடம்பு தேற்றும் உயிருக்கு அந்த ஓட்டம் சும்மா இல்லை. போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இன்னும் மோசம். இல்லாத எதிரியைத் தேடி அது அலையும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது, சாலையோரமும் வயலோரமும் நமக்குப் போதும். ஒரு மரத்தடியில், மங்கிய நிறச் சட்டையோடு, லென்ஸை டிரைபாடில் நிறுத்தி முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். இலை கிளறிக்கொண்டே அது தன் பாட்டுக்கு வரும். கூடு இருக்கும் மரமானால் அன்றைக்கு அந்தப் பக்கமே வேண்டாம். பல இயற்கைப் படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்காமல் போனது மிக நல்ல காரியம்.

நம் முன்னோடிகள் இந்த வெளிச்சப் பஞ்சத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நான் மேலே சொன்ன புதர் நிழலை ஐஎஸ்ஓ 64 வண்ண ஸ்லைடு ஃபிலிமில், அதே எஃப்/4-இல் எடுக்க வேண்டுமானால் ஷட்டர் கிட்டத்தட்ட அரை விநாடி திறந்திருக்க வேண்டும். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கையாள்வதில் தேர்ந்து அந்தப் பஞ்சத்தைக் கடந்தார். மா. கிருஷ்ணன் (1912-1996) வேறு வழி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கைப் பத்தி எழுதியவர். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். ஒரு கம்பெனியின் கேமரா உடலையும் வேறொன்றின் டெலி லென்ஸையும் தானே இணைத்துக் கட்டிய கனத்த கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு யானைகளைக் கால்நடையாகத் தொடர்ந்தார். அவர் படங்களில் எனக்குப் பிடித்தது அந்த விலங்குகளின் நிதானம். எடுக்கிறவர் அங்கே இருப்பதைப் பற்றிய பதற்றமே அவற்றின் உடம்பில் தெரியாது. தன் காட்டுக்கும் தன் பழக்கத்துக்கும் ஏற்ற கருவியை அவரே அமைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

கனம் பற்றி. 1999-இல் வந்த கேனான் 600 எஃப்/4 ஐஎஸ் லென்ஸ் 5.36 கிலோ. அதன் இரண்டாம் பதிப்பு 3.92, 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு 3.05 கிலோ. கண்ணாடியின் விட்டம் மாறவில்லை. முன்பக்கம் இருந்த கனத்த வில்லைகளைப் பின்பக்கம் நகர்த்தினார்கள். இதனால் எடை குறைந்ததைவிடச் சமநிலை கிடைத்தது பெரிய லாபம், ஏனென்றால் கையை ஒடிப்பது முன்பக்கம் இழுக்கும் பாரம். கடையில் எடைச்சீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாடியோடு மாட்டி, கண்ணில் வைத்து, இரண்டு நிமிடம் தாங்கிப் பாருங்கள். மலைச்சரிவில் டிரைபாடும் தண்ணீரும் மழைக்கவசமும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோவாகிவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு உட்காருகிறவரின் கை ஆட்டத்தை எந்த ஸ்டெபிலைசரும் முழுசாக அடக்காது. 2018-இல் நிக்கான் கொண்டுவந்த 500 எஃப்/5.6 பிஎஃப் 1.46 கிலோதான். நடந்தே படம் எடுக்கிறவர்களுக்கு அதைப் போல உதவிய லென்ஸ் சமீப காலத்தில் குறைவு என்பது என் எண்ணம்.

கன்வெர்ட்டரே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. கன்வெர்ட்டருக்கு உகந்த ஜோடி 300 எஃப்/2.8. அதன் கூர்மையில் கொஞ்சம் இழந்தாலும் மிச்சம் இருக்கும். திறப்பிலும் அப்படியே. 1.4 மாட்டினால் 420 எஃப்/4, இரண்டு மடங்கு மாட்டினால் 600 எஃப்/5.6. ஃபோகஸ் கொஞ்சம் மெதுவானாலும் நிற்காது. குருவி பக்கத்தில் வரும் காட்டு நிழலில் வெறும் 300, வெள்ளிமலை வயலோரம் 420, அணைக்கரையில் 600. முதலில் சொன்ன மூன்று வெளிச்சத்துக்கும் ஒரே கண்ணாடி. கேனானின் இரண்டாம் பதிப்பு 2.35 கிலோ, நிக்கானின் இரண்டாம் பதிப்பு 2.9 கிலோ, இரண்டும் பழைய சந்தையில் கிடைக்கின்றன. 2023-இல் வந்த சோனி 1.47 கிலோ. ஆனால் விலை எட்டாத உயரம். இன்னொரு நன்மையும் உண்டு. கன்வெர்ட்டர் மாட்டினாலும் லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாது. ஓடைக்கரைத் தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் மிரட்டாமல், எட்டி நின்றே சட்டம் நிறைய எடுக்கலாம்.

அணைக்கரையில்கூட நேரம் பார்க்க வேண்டும். நீர்க்காகங்களும் கொக்குகளும் அக்கரையில் தெரிகின்றன என்று பத்தரை மணிக்கு 840 மி.மீ. மாட்டினால் கல்லிலிருந்து எழும் கானல்தான் படமாகும். ஃபோகஸ் தப்பிவிட்டது என்று லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பியவர்கள் உண்டு. நடுவில் நூறு மீட்டர் சூடான காற்று கிடக்கும்போது கண்ணாடி என்ன செய்யும்? வெயில் ஏறுமுன் எடுத்து முடிக்க வேண்டியதுதான். அங்கே நடை இல்லை என்பதால் கனமும் உறுத்தாது. வண்டியின் சன்னலில் பீன்பேக் வைத்து லென்ஸைச் சாய்த்தால் போதும். காலிப் பையாகக் கொண்டுபோய் வழியில் இரண்டு கிலோ சாமை வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். திரும்பும்போது வீட்டுக்குச் சாமையும் ஆயிற்று.

ஆக அந்தத் தம்பிக்கு என் பதில்: ஜூமை மட்டும் வாங்குங்கள். 95 மி.மீ. திறப்புக்கு அந்த விலை நியாயம். சிக்மாவின் கன்டெம்பரரி இரண்டு கிலோவுக்குள் நிற்கிறது, தாம்ரானின் ஜி2 இரண்டு கிலோவை ஒட்டி. கன்வெர்ட்டருக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல டிரைபாடில் போடுங்கள். எல்லா லென்ஸும் கன்வெர்ட்டரை ஏற்கும் என்றும் நினைக்க வேண்டாம். அதன் முன்வில்லை துருத்திக்கொண்டிருக்கும், லென்ஸின் பின்வில்லையில் இடித்துவிடும். கேனான் ஆர்எஃப் 100-500-ஐ 300-க்கு நீட்டிய பிறகுதான் கன்வெர்ட்டரை மாட்டவே முடியும், மாட்டிய பிறகு 300-க்குக் கீழே திரும்பவும் முடியாது.

பழைய லென்ஸ் பார்க்கப் போனால் சின்ன டார்ச் ஒன்று கொண்டுபோங்கள். பின்பக்கமிருந்து அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். நம் மலையின் மழையும் மூட்டமும் புது லென்ஸிலும் அதை வரவழைக்கும். காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் லென்ஸ் வாடகைக்குத் தருகிறார்கள். நவம்பரில் மழை விட்ட ஒரு வார இறுதிக்கு, மனதில் இருக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு காலை ஓடைக்கரை நிழலில், மறு காலை கோமுகியில். இரண்டு நாள் படங்களையும் கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்காரரிடம் விலை பேசலாம்.