முகவரி நம்முடையதாக இருக்கட்டும்



"உங்கள் முகவரி என்ன?" என்று நம் பாட்டன்மாரைக் கேட்டிருந்தால், அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய பதில் ஒரு தோட்டத்தின் பெயர்தான். வீட்டு எண்ணும் இராது; தெருப் பெயரும் இராது. ஊரிலிருந்து வருகிற கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணியார் பார்த்துக் கொடுத்தால் கைக்கு வரும். தோட்டம் கைமாறினால் முகவரியும் கைமாறும். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அந்தத் துயரத்திலிருந்து மக்களைக் காக்கத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடலில் வேலை போயிற்று, வீடு போயிற்று என்று சொல்வோம். முகவரியும் சேர்ந்து போயிற்று என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. இன்று நம் ஒவ்வொருவருக்கும் இரண்டாவதாக ஒரு முகவரி இருக்கிறது. அதுதான் மின்னஞ்சல் முகவரி. அது உண்மையில் நம்முடையதுதானா என்று இந்த வாரம் சற்று யோசிப்போமே!

கோலா கிளாவாங் வட்டாரத்தில் ஒரு தம்பியை எனக்குத் தெரியும். தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். தம்பிக்குச் சிரம்பானில் வேலை. தினமும் புக்கிட் தங்கா வளைவுகளில் ஏறி இறங்கிப் போய் வருகிறான். சிலருக்குத் தபால்தலை சேர்ப்பதில் பித்து; சிலருக்குப் புறா வளர்ப்பதில் பித்து. இவனுக்குப் புதிய மின்னஞ்சல் சேவைகளைப் பரீட்சித்துப் பார்ப்பதில் பித்து. எங்காவது ஒன்று தொடங்கியிருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், அன்றிரவே அதில் ஒரு கணக்குத் திறந்துவிடுவான். "இதுவரைக்கும் பதினாலு சார்!" என்றான், பெருமையாக. ஒன்றில் விளம்பரமே வராதாம். இன்னொன்றில் கடிதத்தைப் பூட்டி அனுப்பலாமாம். மற்றொன்றில் அனுப்பியதைப் பத்து விநாடிக்குள் திரும்ப அழைத்துக்கொள்ளலாமாம்.

அவன் தாயார், "வேலையத்த வேலை" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் மின்னஞ்சலே இப்படிப்பட்ட ஓர் ஆர்வத்தில் பிறந்ததுதான்.

1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், தம் எதிரே இருந்த ஒரு கணினியிலிருந்து பக்கத்திலிருந்த இன்னொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்தார். அதைச் செய்யும்படி யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை. செய்து பார்த்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது, செய்தார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே நாம் இன்று போடுகிற வட்டமிட்ட 'ஏ' குறி அவர் தேர்ந்தெடுத்ததே.

அடுத்து ஹாட்மெயில். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜேக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4ஆம் நாள் அதைத் தொடங்கினார்கள். இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே, சொந்தத் தொழில் தொடங்கும் யோசனையைப் பேசிக்கொண்டிருந்தவர்கள். வேலையிடத்து மின்னஞ்சலில் எழுதினால் முதலாளி கண்ணில் பட்டுவிடுமே என்ற அச்சம் அவர்களுக்கு. எந்தக் கணினியிலிருந்தும் திறக்கக்கூடிய, முதலாளிக்குச் சம்பந்தமில்லாத ஓர் அஞ்சல்பெட்டி வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. தோட்டத்து ஆபீஸ் வழியாகக் கடிதம் பெற்ற குடும்பத்தில் பிறந்த நமக்கு, அந்த அச்சம் விளங்காமற் போகுமா? 1997 முடிவில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஹாட்மெயிலை ஏறக்குறைய 40 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது.

2004 ஏப்ரல் முதல் தேதி கூகிள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தபோது, இது முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். மற்ற இலவசச் சேவைகள் இரண்டு, நான்கு மெகாபைட் இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கிகாபைட் இடம் என்றால் யார் நம்புவார்கள்? உள்ளே நுழைய ஏற்கெனவே உறுப்பினரான ஒருவருடைய அழைப்பு வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குக் காத்திருப்பது போல அந்த அழைப்புக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. 2007இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது.

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா என்ன? 1990களில் தமிழில் ஒரு மின்னஞ்சல் எழுதுவதே சாகசமாக இருந்தது. அனுப்புகிறவரிடம் உள்ள அதே எழுத்துரு பெறுகிறவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் "அன்புள்ள அண்ணனுக்கு" என்று எழுதியது அங்கே கோழி கிளறியது போலத் தெரியும். அந்த நாளில் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருள் பலருக்குக் கைகொடுத்தது. அதன் பெயரே 'முரசு அஞ்சல்'! மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று சிதறிக் கிடந்த தமிழ் ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் எழுதிப் பார்த்து, பிழை கண்டு, திருத்திக்கொண்டே போனார்கள். அப்படிக் கூடியவர்களின் முயற்சியில்தான், பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. வேலையற்ற வேலை என்று அவர்கள் விட்டிருந்தால்?

தஞ்சை மண்ணில் பிறந்த ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் 2008இல் மின்னஞ்சல் சேவையில் இறங்கியது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை என்ற கிராமத்திலும் அந்நிறுவனத்துக்கு அலுவலகம் உண்டு. இந்திய நடுவண் அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேருடைய மின்னஞ்சல் ஸோஹோவுக்கு மாற்றப்பட்டதாக 2025இல் செய்தி வந்தது. ஆகவே, புதியதைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளையை அடக்காதீர்கள். அந்த ஆர்வத்தில் கல்வி இருக்கிறது.

ஆனால் ஒன்று. புது விளக்குமாறு நன்றாகத்தான் பெருக்கும். அது எத்தனை நாளைக்கு உழைக்கும் என்பது யாருக்கும் தெரியாது. நம் நாட்டின் முதல் இணையச் சேவை ஜாரிங். 1990களில் ஜாரிங் முகவரி வைத்திருந்தவர் ஊரில் பெரிய மனிதர். 2015இல் ஜாரிங் மூடப்பட்டது. 2011இல் '1மலேசியா மின்னஞ்சல்' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. 18 வயதான ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு முகவரி என்றார்கள். தனியார் நிறுவனம் ஒன்று 5 கோடி ரிங்கிட் முதலீடு செய்யும் என்றார்கள். தேவைதானா என்று பொதுமக்கள் கேட்டார்கள். திட்டம் வேரூன்றவில்லை. பெரிய நிறுவனமானால் பயமில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். கூகிள் 2014இல் 'இன்பாக்ஸ்' என்ற புதிய அஞ்சல் செயலியை வெளியிட்டது. ஆர்வலர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2019 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டது. நல்ல வேளை, கடிதங்கள் ஜிமெயிலிலேயே இருந்ததால் தப்பின.

கைத்தொலைபேசிக்கு ஒரு வசதி இருக்கிறது. 2008 முதல் நம் நாட்டில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கு அந்த வசதி கிடையாது. நிறுவனத்தை விட்டால் முகவரியை விட வேண்டும். லயத்து வீட்டைப் போலத்தான். வேலை உள்ளவரை வீடு.

முகவரி போனால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? ஒரு தாயார் என்னிடம் வந்தார். மகள் எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்திருந்தாள். கடவுச்சொல் மறந்துவிட்டது. புதியதை மின்னஞ்சலுக்குத்தான் அனுப்புவார்கள். அந்த மின்னஞ்சலோ, கைத்தொலைபேசி வாங்கிய கடையில் ஒரு பையன் இரண்டு நிமிடத்தில் திறந்துகொடுத்தது. அதன் கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். சரி, பதிவு செய்த தொலைபேசி எண்ணுக்காவது செய்தி வருமா என்றால், அது பழைய முன்கட்டண எண். பணம் போடாமல் விட்டதில் எண் ரத்தாகிவிட்டது. நான்கு நாள் அங்குமிங்கும் அலைந்து, தொலைபேசியில் பேசி, கெடு முடியுமுன் ஒருவாறு சரிசெய்தோம். எல்லோருக்கும் இப்படி வாய்க்குமா? பதினொரு வருடப் படிப்பு ஒரு கடவுச்சொல்லில் தொங்கலாமா?

பதினான்கு பெட்டி வைத்திருக்கும் தம்பிக்கும், ஒரே பெட்டியும் கடைக்காரன் கையில் இருக்கிற இந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பரீட்சை எத்தனை வேண்டுமானாலும் செய்யுங்கள். நிலையான முகவரி ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது முழுக்க உங்கள் கையில் இருக்கட்டும்.

அதற்குச் சில வழிகள். பல காலமாக நிலைத்து நிற்கிற ஒரு சேவையில், பிள்ளையின் சொந்தப் பெயரில் முகவரி அமையுங்கள். 'தல ரசிகன்', 'சிங்கக்குட்டி' என்றெல்லாம் வைத்தால் நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கூச்சமாக இருக்கும். மேற்படிப்பு, வங்கி, ஊழியர் சேமநிதி, மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றையே கொடுங்கள். பள்ளியில் கல்வியமைச்சு கொடுக்கும் முகவரி பாடத்துக்கானது. பள்ளியை விட்ட பிறகும் அது நம்மோடு வரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற பையிலேயே பத்திரப்படுத்துங்கள். கடையில் திறந்த கணக்கானால் இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொலைபேசி எண் மாறினால், முதல் வேலையாகக் கணக்கிலும் மாற்றுங்கள். கூகிள் நிறுவனத்தின் விதிப்படி, இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனியார் கணக்கை அழித்துவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். தொலைபேசிக்கு வரும் டி.ஏ.சி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதிகாரி என்றாலும் சரி, அக்கா மகன் என்றாலும் சரி.

ஆர்வலர் தம்பிமார்களுக்கு ஒரு தனி வார்த்தை. புதிய சேவை பிடித்துவிட்டது, அங்கேயே குடியேற ஆசை என்றால், பழையதை உடனே மூடிவிடாதீர்கள். வீடு மாறியவருக்கு வருகிற கடிதத்தைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவது போல, பழைய பெட்டிக்கு வருவதைப் புதிய பெட்டிக்குத் திருப்பிவிடும் வசதி பல சேவைகளில் உண்டு. ஓராண்டாவது அப்படி ஓடவிடுங்கள். பழைய கடிதங்களைப் படியெடுத்து வைக்க வழியிருக்கிறதா என்பதைச் சேருமுன்பே பாருங்கள். உள்ளே விடுகிற வாசல் எல்லாவற்றிலும் அகலம். வெளியே போகிற வாசல் இருக்கிறதா என்பதே கேள்வி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஆண்டுக்கு ஒரு கட்டணம் செலுத்தி இணையத்தில் சொந்தமாக ஒரு பெயரைப் பதிவு செய்துகொண்டால், முகவரி அந்தப் பெயரில் இருக்கும். கடிதங்களை எந்தச் சேவையில் வைத்தாலும், பிடிக்காவிட்டால் வேறு சேவைக்கு மாற்றினாலும், முகவரி மாறாது. கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டிவர வேண்டும். பதினான்கு சேவைகளைப் பழகிய கைக்கு இது ஒரு நாள் வேலை. இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். கண் விரிந்தது. "அப்போ குடும்பத்துக்கே ஒரு பேரு பதிஞ்சிடலாமா சார்?" என்றான். தாராளமாகச் செய்யலாம் என்றேன். தாயாருக்கும் அதில் ஒரு முகவரி அமைத்துக் கொடு என்றும் சொன்னேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்து எல்லோரும் ஓய்வாக இருக்கும்போது, வீட்டிலுள்ள தொலைபேசிகளை எல்லாம் மேசைமேல் வையுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த மின்னஞ்சல் இருக்கிறது, கடவுச்சொல் யாருக்குத் தெரியும், எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலைதான். உங்கள் வீட்டிலும் பதினான்கு பெட்டிக்காரர் ஒருவர் இருந்தால், அவரையே தலைமை தாங்கச் சொல்லுங்கள். பித்துக்கும் ஒரு பயன் கிடைத்தது போலாகும்!