கற்ற பெண்கள் தனித்து நிற்பதா?

கல்முனைக் கரையின் பெண்கள் கற்க வேண்டுமா என்ற வாதம் முடிந்துவிட்டது. கற்றவர்கள் தமது தொழிலில் நிலைத்து நிற்க வழி யாது என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வி. 1996-ஆம் ஆண்டு முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் உள்ளன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகின்றது. வாசலுக்கே வந்த கல்வியை எம் பெண்கள் ஆவலுடன் ஏற்றனர். ஆயினும், பட்டம் பெற்ற மறுநாளே அவர்களிற் பலர் தனித்துவிடப்படுகின்றனர்.

வேலை வெற்றிடம் பற்றிய செய்தி விளம்பரமாக வருமுன்னரே தொழில் வட்டத்தில் வாய்மொழியாக உலவிவிடுகின்றது. எவ்வளவு சம்பளம் கேட்பது, பிள்ளைப்பேற்றின் பின் எவ்வாறு தொழிலுக்கு மீள்வது, மேலதிகாரி முறைகேடாக நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. ஆண்கள் இவற்றைத் தேநீர்க் கடையிலும் விளையாட்டு மைதானத்திலும் அறிந்துகொள்கின்றனர். பெண்களுக்கு அத்தகைய வட்டம் எங்கே?

மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைப்பது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் மரபு. ஆதலால் மணமான பின்னும் பெண் தன் ஊரிலேயே வாழ்கின்றாள். பெரும் நிறுவனங்களோ 300 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பில். கணினித் தொழிலை வீட்டிலிருந்தே செய்யலாம் என்பது உண்மையே. வேலை வீடு தேடி வரும், தொழிற்றோழமை வருமா?

இக்குறையை உணர்ந்த பெண்கள் உலகெங்கும் சங்கம் கண்டனர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளை நடத்திய பிரித்தானியப் பெண்கள், போர் முடிந்ததும் வெளியேற்றப்பட்டபோது 1919-இல் இலண்டனில் பெண் பொறியியலாளர் சங்கத்தை நிறுவினர். சென்னையிற் பிறந்த லலிதா அம்மையார், கைக்குழந்தையுடன் விதவையானார். அவர் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் கற்று, இந்தியாவின் முதற் பெண் பொறியியலாளருள் ஒருவராகி, கல்கத்தாவிலே பணிபுரிந்தார். 1964-இல் பெண் பொறியியலாளரதும் விஞ்ஞானிகளதும் முதலாவது சர்வதேச மாநாடு நியூயோர்க்கில் கூடியபோது, இந்தியாவில் அத்தகைய சங்கம் இல்லாமையால் அவர் தனிப்பட்ட முறையிலேயே கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு இலண்டன் சங்கத்தில் முழு உறுப்பினரானார். திறமையில் யாருக்கும் குறையாத அவருக்கே சங்கம் வேண்டியிருந்ததெனில், நேற்றுப் பட்டம் பெற்ற எம் பெண்ணுக்கு வேண்டாமா?

நம் நாட்டின் முதற் பெண் பொறியியலாளரான பிரேமளா சிவசேகரம் 1960-களில் பட்டம் பெற்ற தமிழ்ப் பெண்மணி. அன்று அவருக்குத் துணைநிற்க முன்னோடிப் பெண் எவரும் இருக்கவில்லை. இன்று அந்நிலை இல்லை. ஐ.ஈ.ஈ.ஈ. எனும் உலகப் பொறியியலாளர் அமைப்பு 1994-இல் பெண்களுக்கெனத் தொடங்கிய பிரிவு இலங்கையிலும் இயங்குகின்றது. 1976-இல் தோன்றிய இலங்கைக் கணினிச் சங்கமும் உண்டு. கதவு திறந்தே இருக்கின்றது, எம்மவர் உட்புகவேண்டும்.

பெண்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு என வினவுவாரும் உளர். பொதுச் சங்கத்திலும் சேரட்டும். அதனை நாம் தடுக்கவில்லை. ஆனால் நூறு ஆண்கள் நிறைந்த மண்டபத்திலே இரண்டு பெண்கள் தம் இடர்களை வாய்திறந்து சொல்வார்களா? தம்முள் கூடிப் பேசித் தெளிந்தவர்களே பொதுச்சபையில் துணிந்து பேசுவர்.

கமக்காரப் பெருமக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? போகம் தொடங்குமுன் கூட்டம் கூடி, விதைக்கும் நாளையும் நீர் திறக்கும் நாளையும் தீர்மானியாத வட்டையிலே கடைக்கண்டத்துக்கு நீர் போய்ச் சேராது. தனித்து நின்ற கமக்காரனின் பயிர் வாடும். நெல் விற்ற பணத்தில் மகளைப் படிப்பித்த தந்தை, அவளைத் தொழிலுலகின் கடைக்கண்டத்தில் நிறுத்தலாமா?

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, கொழும்பிலுள்ள தொழிற்சங்கங்கள் தம் கூட்டங்களைக் கல்முனையிலும் சம்மாந்துறையிலும், பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய வேளையில், தமிழிலும் நடத்தவேண்டும். இரண்டாவது, ஒலுவிலிற் கற்று வெளியேறிய மூத்த பெண்கள் இளையோரைத் தேடிச் சென்று கைகொடுக்கவேண்டும். ஊருக்குச் சிலர் போதும், கிளை தொடங்க. மூன்றாவது, பெற்றோரும் கணவன்மாரும் சந்தாப் பணத்தை வீண்செலவென்றும், கூட்டத்துக்குப் போவதை ஊர்சுற்றல் என்றும் எண்ணலாகாது.

கரைவலையைத் தனியொருவன் இழுத்துக் கரைசேர்த்ததில்லை என்பதை இக்கரையில் வாழும் எவரும் அறிவர். எம் பெண்களின் கல்வியும் அத்தகையதே. ஒன்றுகூடுங்கள், சகோதரிகளே! உங்கள் ஊர் உங்களுக்குத் துணைநிற்கட்டும்.