மறைப்பதனால் வளரும் நோய்

பல்வலி வந்தால் வீடு முழுவதும் அறியும். காய்ச்சல் வந்தால் அயலும் அறியும். ஆனால், அடிவயிற்றிலே நோவும், துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைபடுதலும் ஏற்பட்டால், அதனைப் பெற்ற தாயிடம் சொல்லவும் நம் பெண்கள் தயங்குகின்றனர். நாணம் நற்பண்பே. எனினும், நோயை மறைக்கும் நாணத்துக்கு நாம் கொடுக்கும் விலை யாது? சுவீடன் நாட்டு வைத்தியர்களின் நெடுங்கால ஆராய்ச்சியொன்று இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

யோனியிலே கிருமிகள் வாழ்தல் இயல்பு. அவற்றுட் பல நன்மை செய்வன. தீய கிருமிகள் பெருகிக் கருப்பையின் வாயிலைக் கடந்து மேலேறும்போதே ஆபத்து உண்டாகின்றது. அவை கருக்குழாய்களை அடைந்தால் அங்கே அழற்சி தோன்றும். நோய் தணிந்த பின்னரும் வடு எஞ்சும். மிகக் குறுகிய அக்குழாய் வடுவினால் அடைபட்டால் கரு உண்டாவதில்லை. பாதி அடைபட்டால், கரு கருப்பையைச் சேராது குழாயிலேயே தங்கி வளர்ந்து, தாயின் உயிருக்கே உலை வைத்தலும் கூடும்.

லுண்ட் நகரப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் லார்ஸ் வெஸ்ட்ரோம் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும், 1960 முதல் 1984 வரை அடிவயிற்று நோவுடன் வந்த பெண்களை ஆராய்ந்தனர். வயிற்றிலே சிறு துளையிட்டு, ஒளி பாய்ச்சும் மெல்லிய கருவியைச் செலுத்திக் கருக்குழாய்களை நேரிற் கண்டே நோயை உறுதி செய்தனர். அவ்வாறு நோய் உறுதியான 1,844 பெண்களின் பிற்கால வாழ்வை, நோயற்ற 657 பெண்களின் வாழ்வோடு ஒப்பிட்டு, 1992இல் முடிவுகளை வெளியிட்டனர்.

மகப்பேற்றை விரும்பியவர்களுள், ஒருமுறை நோயுற்றோரில் 100க்கு 8 பேரும், இருமுறை நோயுற்றோரில் ஏறக்குறைய 20 பேரும், மூன்று முறையோ அதற்கு மேலோ நோயுற்றோரில் 40 பேரும் கருக்குழாய் கெட்டமையால் பிள்ளைப்பேற்றை இழந்தனர். நோயற்றோருள் ஒருவருக்கேனும் இக்குறை உறுதியாகவில்லை. லுண்ட் பெண்களைப் பற்றியே 1993இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நோவு தொடங்கி மூன்று நாட்களுக்குள் சிகிச்சை பெற்றவர்களிலும் பார்க்க, தாமதித்து வந்தவர்களுக்குத் தாய்மை தடைப்படும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டிற்று.

பிள்ளையில்லாத பெண்ணை வசை கூறும் சமூகமே, அவளது நோயைப் பேசவிடாது வாயையும் அடைத்துவிடுகின்றது. இது எத்துணை கொடுமை! இந்நோய் கண்டவுடன் பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுதலும் அறியாமையே. வெட்டைநோய், கிளமிடியா ஆகியவற்றின் கிருமிகள் உடலுறவினாலே தொற்றுவன. அவை கணவனிடமிருந்தும் வரலாம். பிரசவத்தின் பின்னரும் கருச்சிதைவின் பின்னரும் வேறு கிருமிகள் உட்புகுதல் உண்டு.

வெள்ளைபடுதல் எல்லாம் நோயன்று. நிறமோ மணமோ மாறினாலும், அடிவயிறு நொந்தாலும், காய்ச்சலோ மாதவிடாய்க்குப் புறம்பான இரத்தப் போக்கோ கண்டாலும் உடனே வைத்தியரை நாடுதல் வேண்டும். கொடுத்த மருந்தை, நோவு தணிந்தது என்று இடையில் நிறுத்தலாகாது. உடலுறவினால் தொற்றிய நோயாயின் கணவனும் சிகிச்சை பெறுதல் அவசியம். இன்றேல் நோய் மீண்டும் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் இழப்பு எவ்வாறு பெருகுகின்றது என்பதை மேலே கண்டோம்.

தாய்மாரே, உங்கள் மகள் அச்சமின்றி வாய் திறந்து சொல்லத்தக்க முதல் ஆள் நீங்களாக இருங்கள்.