ஒற்றை லாரிக்காரர் முதலாளியா?

தோழர்களே! சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் கடன்பட்டு ஒரு லாரி வாங்கி, தாமே ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. ஊரார் அவர்களை "ஓனர்" என்கிறார்கள். உண்மையில் இவர்கள் முதலாளிகளா?

முதலாளி தன் சரக்குக்குத் தானே விலை வைப்பான். இவரோ புக்கிங் ஆபீசில் கைகட்டி நின்று வாடகையைக் கேட்டறிகிறார். "இஷ்டமிருந்தால் ஏற்று, பின்னால் பத்து வண்டி நிற்கிறது" என்பதே பதில்! டீசல், சுங்கம், டியூ, கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவதே இவருக்குக் கூலி. திரும்பி வர லோடு கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

லாரிக்காரர்களின் போட்டிதான் காரணம் என்று உபதேசிக்கிறார்கள். 2014 துவக்கத்தில் டீசல் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசாக இருந்த மத்தியக் கலால் வரியை, 2020 மே மாதம் 31 ரூபாய் 83 காசாக ஏற்றியது எந்த லாரிக்காரர்? 2021லும் 2022லும் வரியைக் குறைத்தபோதும் பழைய அளவுக்கு இறக்கவில்லையே!

ஆலைத் தொழிலாளிகளே! வாசலில் பத்துப் பேரை நிறுத்திவைத்து உங்கள் கூலியை வெட்டும் அதே தந்திரம்தான் இது. விவசாயத் தொழிலாளிகளே! லாரிமேல் விழும் வரி, நீங்கள் வாங்கும் அரிசியிலும் பருப்பிலும் வந்து சேர்கிறது.

கிளீனர் கூலியைக் குறைத்து நஷ்டத்தை ஈடுகட்ட எண்ணும் லாரிக்காரருக்கும் ஒன்று சொல்வோம்: உங்கள் எதிரி கீழே இல்லை, மேலே இருக்கிறான்!

டீசல் வரியைக் குறை! கிலோமீட்டருக்குக் குறைந்தபட்ச வாடகையை நிர்ணயி! இக்கோரிக்கைகளுக்காக ஒற்றை லாரிக்காரரும் டிரைவரும் கிளீனரும் சுமைத் தொழிலாளியும் ஓரணியில் திரளட்டும்!