கொரியப் பெண் மோதினால் கைதட்டு. நம் பெண் மோதினால்?



ஜெலாப்பாங் வட்டாரத்தில் கொரியத் தொடர் ஓடாத வீடு இன்று அரிது. தாயும் மகளும், சில வீடுகளில் பாட்டியும் சேர்ந்தே காண்கின்றனர். 2023-இல் வெளிவந்த 'பிசிக்கல் 100' நிகழ்ச்சியில், மல்யுத்த வீராங்கனை ஜாங் உன்-சில் ஆண்களும் அடங்கிய அணிக்குத் தலைமையேற்றதைக் கண்டு வியக்காதவர் யார்? வியக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் புறப்பாட நடவடிக்கைக்கான அனுமதிப் படிவம் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதுதான் அந்த வியப்பின் மதிப்புத் தெரிகிறது. தேக்குவாண்டோ வகுப்புக்கு மகனின் படிவத்தில் கையொப்பம் இருக்கிறது. மகளின் படிவம் வெறுமையாக வருகிறது. அல்லது 'நடனத்தில் சேர்த்துவிடுங்கள்' என்ற குறிப்போடு வருகிறது. (நடனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அரைமண்டியில் நின்று பழகிய கால்கள் எந்தக் களத்திலும் நிற்கும்.)

தேக்குவாண்டோ நமக்குப் புதியதா என்ன? 1962-இல் தென்கொரியத் தூதராக மலாயாவுக்கு வந்த ஜெனரல் சோய் ஹோங் ஹியின் காலத்திலேயே இங்கு வேரூன்றிய கலை அது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அது காட்சிப் போட்டியாக நடத்தப்பட்டபோது, கொரிய மண்ணிலேயே வெண்கலம் வென்றவர் மலேசியாவின் எம். வாசுகி. தமிழ்ப் பெண்! காட்சிப் போட்டி என்பதால் அப்பதக்கம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறாது. நம் நினைவிலுமா இடம்பெறக் கூடாது? கொரிய நடிகர்களின் பிறந்த நாளை வரிசையாக ஒப்பிக்கும் மாணவியரிடம் இந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

'முகத்தில் அடிபட்டால் நாளை யார் கட்டிக்கொள்வார்?' என்கின்றனர் சிலர். தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்து, எடைப் பிரிவு பார்த்து, நடுவர் முன்னிலையில் நடப்பது அப்போட்டி. நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டினர். நிறைந்த வாளிகளைத் தோளில் சுமந்து மேடும் பள்ளமும் நடந்தனர். அன்று எந்தத் தோட்டத்தில் எவர், 'பெண்ணுடல் தாங்குமா?' என்று கேட்டார்? கூலிக்கு உழைக்கையில் தாங்கிய உடல், விளையாடும்போது மட்டும் ஒடிந்துவிடுமோ!

ஓர் அச்சத்தை மட்டும் நான் ஏற்கிறேன். 2023-இல் வினேஷ் போகாட், சாக்‌ஷி மாலிக் முதலிய இந்திய மல்யுத்த வீராங்கனைகள் டில்லியில் தெருவில் அமர்ந்து போராடியது எதிராளியின் பிடிக்கு அஞ்சியன்று. மல்யுத்தச் சங்கத் தலைவர்மீது பாலியல் தொல்லைப் புகார் கூறி நீதி கேட்டே அமர்ந்தனர். ஆகவே, பயிற்சி நேரம் முழுதும் ஆசிரியை ஒருவர் உடனிருப்பாரா, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாமா, புகார் என்றால் யாரிடம் சொல்வது என்று பள்ளியிடம் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றே கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதைக் கேட்கத் தயங்கி, மகளை வீட்டில் அமர்த்தி, வேறொருவர் மகள் மோதுவதைத் திரையில் காட்டிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

கேட்டுவிட்டு, மகளின் படிவத்திலும் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.