என்னிடம் இருப்பதும் எனக்கு இருப்பதும்

ஆங்கிலத்தின் 'ஹேவ்' போன்ற ஒரு வினைச்சொல் தமிழில் இல்லை. உடைமையை நாம் வேற்றுமை உருபால் உணர்த்துகிறோம். 'எனக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது' என்றால் வீடு என்னுடையது. 'என்னிடம் ஒரு சாவி இருக்கிறது' என்றால் சாவி இப்போது என் கைவசம் உள்ளது என்பது மட்டுமே உறுதி. அது யாருடையதாகவும் இருக்கலாம். கணினி விளையாட்டுகளை விலைகொடுத்து 'வாங்கும்' நம்மில் பலர், இந்த இரண்டாம் வாக்கியத்துக்குள் இருந்துகொண்டு முதல் வாக்கியத்தில் இருப்பதாக நம்புகிறோம்.

2014இல் வெளிவந்த 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய விளையாட்டின் சேவையகங்களை யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஆடும் பகுதிக்கும் இணைய இணைப்பு கட்டாயம் என்னும்படி அது அமைக்கப்பட்டிருந்ததால், வட்டை அலமாரியில் வைத்திருந்தவர்களாலும் ஆட இயலவில்லை. அடுத்த சில நாள்களில் பலருடைய கணக்கிலிருந்து அதன் உரிமமே விலக்கிக்கொள்ளப்பட்டது. சேவையகத்தை என்றென்றும் இயக்க முடியாது என்ற வாதம் நியாயமானதே. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பது, கைவிடும்போது ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்லுங்கள் என்பதைத்தான். அது இயலாததும் அன்று: அதே நிறுவனம் 2024 செப்டம்பரில் அத்தொடரின் பிந்தைய இரு விளையாட்டுகளுக்கும் இணையமின்றி ஆடும் வசதியை அறிவித்தது.

கலிபோர்னியச் சட்டம் வேறு வழியில் சென்றது. வெறும் உரிமத்தை விற்போர் அதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2025 சனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. மொழியியல் மாணவர் என்ற முறையில் நான் மகிழ வேண்டும். மகிழ இயலவில்லை. சொல் திருந்தியது, பண்டம் அப்படியே இருக்கிறது.

தில்லி பாலிகா பஜாரில் ஆடி முடித்த வட்டைக் கொடுத்து, சிறிது பணமும் சேர்த்து, வேறொரு வட்டைப் பெற்றுவரலாம். கடைக்காரர் எந்த ஒப்பந்தத்தையும் நீட்டுவதில்லை. அந்த எளிய கைமாற்றத்தையே டிஆர்எம் என்னும் மின்பூட்டும் கணக்கோடு பிணைந்த உரிமமும் இல்லாமற் செய்கின்றன. (சந்தா முடிந்ததும் பழைய இதழ்களும் மூடிக்கொண்ட மின்னிதழ்த் தொகுப்புகளை நினைவுகூரும் ஆய்வாளர்களுக்கு இது புதிதன்று.)

இந்தியாவில் இதற்கு ஒரு பிடிமானம் இருப்பதாக எண்ணுகிறேன். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து பெறும் மென்பொருள் குறித்த வரி வழக்கில், 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தின் பெயரைப் பார்க்கவில்லை, தன்மையைப் பார்த்தது. 'உரிமம்' என்று எழுதப்பட்டிருந்தாலும் நடந்தது பண்ட விற்பனையே என்றது. ஆகவே செலுத்திய தொகை ராயல்டி ஆகாது என்றும் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு விளையாட்டுகளைப் பற்றியதன்று, நுகர்வோரைப் பற்றியதும் அன்று. எனினும் வரி கணக்கிடும்போது விற்பனையாக இருப்பது, வாங்கியவர் தம் பொருளைக் கேட்கும்போது மட்டும் உரிமமாக மாறுவது எந்தத் தர்க்கத்தால்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இக்கேள்வியை எழுப்ப இடமுண்டா என்பதைச் சட்டத்துறை நண்பர்கள் பின்னூட்டத்தில் எழுதினால் நன்றியுடையேன்.